வடக்கு மூலைக் கற்கள்

ஜூலை 2, ஞாயிறு

பூசை முடிந்து பன்னிரண்டு மணிக்கெல்லாம் பங்கு வீட்டில் நானும் கெட்டிலும்தான். எங்கள் ஊர் உவரியில் ஞாயிறு என்றால் பூசைக்குப் பிறகுதான் வேலையே தொடங்கும். வலைத் தகராறு, வரன் பார்த்த தகராறு, கொடியேற்றத்துக்கு யார் முதலில் நிற்பது என்கிற தகராறு. இங்கே கோயில் வாசலில் கையைக் குலுக்கி, மழை வரும்போல ஃபாதர் என்கிறார்கள். அது ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும். பிறகு காரில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

உட்கார முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு ரோஸர்க் மடத்துக்குப் போனேன். ஆற்றங்கரையில் கூரையில்லாத பிரான்சிஸ்கன் மடம். பூசைப் பாத்திரம் கழுவும் கல் தொட்டியின் தூணில் விரல் நீளத்துக்கு ஒரு கோபுரம் செதுக்கியிருக்கிறார்கள். அதைச் செதுக்கியவனுக்கும் சாயங்காலம் பொழுது போகாமல் இருந்திருக்க வேண்டும்.

டப்ளினுக்கு மேற்கே மேயோ கவுண்டி என்கிற இந்த மாவட்டத்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. மழை, ஆடு, இடிந்த மடம். மூன்றுக்கும் குறைவில்லை.

ஜூலை 7, வெள்ளி

ஆயர் இல்லத்திலிருந்து போன். ஆகஸ்ட் 20 அன்று கில்வாரா மடத்தின் ஆண்டுப் பூசைக்கு ஆயரே வருகிறாராம். கில்வாரா என் பங்குக்குள் இருக்கும் இடிபாடு. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே திறந்தவெளியில் பூசை உண்டு. பூசைக்கு முன்னால் மடத்தின் வரலாற்றைப் பத்து நிமிஷம் நான் சொல்ல வேண்டும்.

பேராலயம் இருக்கும் டவுனில் துணைப் பங்குத்தந்தை இடம் அக்டோபரில் காலியாகிறது என்பதையும் போனில் யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டவுனில் சினிமா தியேட்டர், இந்தியக் கடை, ரயில் எல்லாம் உண்டு என்பதைச் சும்மா இங்கே குறித்து வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வழக்கப்படி பிரைடி மெலட் பழுப்பு பிரெட் கொண்டுவந்து கொடுத்தார். எண்பத்து நாலு வயது விதவை, தினப்பூசைக்குத் தவறாமல் வருகிறவர். பிரெட்டைக் கொடுத்த பிறகும் வாசலிலேயே நின்றார். ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். நாய்க்குக் காதில் புண் என்றார். போன வாரமும் நாயைப் பற்றித்தான் சொன்னார்.

ஜூலை 13, வியாழன்

மடங்களைப் பற்றி நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து படிக்கிறேன். படிக்கப் படிக்கப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. பெட்ரோல்தான் ஆகிறது.

கதை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிரபுவோ அவன் மனைவியோ பாவம் தீர நிலம் கொடுப்பார்கள். துறவிகள் வந்து கட்டுவார்கள், மீன் பிடிப்பார்கள், பாடுவார்கள். பிறகு இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்குக் கோபம் வரும், மடங்களெல்லாம் பறிபோகும். நூறு வருஷம் கழித்து குரோம்வெல் ஆட்கள் வந்து மிச்சமிருந்த கூரையையும் எடுத்துவிடுவார்கள். பாலின்டபர் மடத்தில் மட்டும் கூரை போன பிறகும் முந்நூறு வருஷம் மழையில் நனைந்துகொண்டே பூசை பார்த்திருக்கிறார்கள். பிடிவாதக்காரர்கள்.

துறவிகள் போன பிறகும் ஊர்க்காரர்கள் இடிந்த மடங்களை விடவில்லை. செத்தவர்களைச் சுவருக்குள் கொண்டுபோய் அடக்கம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கில்வாராவிலும் தெற்குச் சுவரை ஒட்டிப் பழைய கல்லறைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.

ஜூலை 25, செவ்வாய்

கோவில்பிள்ளை மார்ட்டின் ஹோபனைக் கூட்டிக்கொண்டு கில்வாரா போனேன். மணி அடிப்பது, மெழுகுவத்தி, சாவி எல்லாம் மார்ட்டின் பொறுப்பு. நாலு வார்த்தை கேட்டால் ஒன்று சொல்வார்.

இடம் இருக்கிற இருப்பைப் பார்த்து எனக்கு மானமே போனது. இடுப்பளவு காஞ்சொறி. வடக்குச் சுவரின் மூலையில் முள்மரம், அதன் அடியில் ரொட்டி அளவுக்கும் தேங்காய் அளவுக்குமாகக் கற்கள் சிதறிக் கிடந்தன. உவரியில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஊரே மண்வெட்டியோடு இறங்கிவிடும். புல்லைச் செதுக்கி, கல் பொறுக்கி, மணல் பரப்பி, வெள்ளையடித்து, பூமாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி... செத்தவன் எழுந்து பார்த்தால் தன் வீடா என்று சந்தேகப்படுவான். இதை மார்ட்டினிடம் சொன்னேன். நாமும் அப்படிச் செய்வோம் என்றேன்.

"அந்த மூலைய விட்டுருங்க ஃபாதர். அங்க யாரும் போறதில்ல."

யாரும் போவதில்லை என்றால் அங்கேதானே முதலில் சுத்தம் செய்ய வேண்டும்? சோம்பேறித்தனத்துக்கு இந்த ஊரில் எத்தனை அழகான காரணம்!

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை சிரமதானம் என்று பூசையில் அறிவித்தேன். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. கவுண்டி அலுவலகத்தில் கேட்டாகிவிட்டது. கையால் புல் வெட்டலாம், மண்ணைத் தோண்டக் கூடாது. கல்லைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

பெர்பெத் அக்கா போனில் பேசினாள். ஓடியாடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "ஒனக்கு ஒரு எடத்துல இருக்கவே முடியாதே தம்பி. செமினரியிலயும் அப்படித்தான்" என்றாள். அக்காவுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 12, சனி

முடித்துவிட்டோம்! முதுகு விண்டுபோகிறது.

ஊர்க்காரன் ஒருத்தன்கூட வரவில்லை. வந்ததெல்லாம் பிழைக்க வந்தவர்கள்: ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மலையாளி நர்சுகள், அவர்கள் புருஷன்மார், இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் பிரேசில்காரர்கள். மார்ட்டின் கேட்டைத் திறந்துவிட்டு, பசு கன்று போடப்போகிறது என்று போய்விட்டார். அவர் பசு போன மாதம்தான் கன்று போட்டது.

காஞ்சொறியெல்லாம் போயிற்று. வடக்கு மூலையைத் துடைத்தெடுத்துவிட்டோம். அங்கே கிடந்த கற்களை வீணாக்கவில்லை. கிழக்கு ஜன்னலுக்குக் கீழே பலிபீடம் போட மேடு வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டுவந்து, வெள்ளைக் கற்களை முன்வரிசையில் வைத்து, படி கட்டினேன். நர்சு ஒருத்தியின் புருஷன் ஜோபி முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார். அக்காவுக்கும் அனுப்பினேன். நம்ம ஊர் மாதிரியே இருக்கு என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மழை இல்லை. கூட்டம் நிறைய. ஆயர் படியில் ஏறி நின்று பூசை வைத்தார். என் வரலாற்று உரை பதினைந்து நிமிஷம் ஓடியது, யாரும் இருமவில்லை. பூசை முடிந்ததும் ஆயர் என் தோளில் கைவைத்து, இந்த இடம் இத்தனை அழகாக இருந்து நான் பார்த்ததில்லை என்றார். சாயங்காலம் முழுவதும் அந்த வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். பிரைடி மெலட் உள்ளே வந்தார், வடக்கு மூலைப் பக்கம் பார்த்தார், திரும்பிக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் வரவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

மற்றவர்களும் படியைப் பார்த்தார்கள். பாராட்டித்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பிரெட் வரவில்லை. வாரம் முழுக்கத் தினப்பூசைக்கும் பிரைடி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நாய்க்கு ஏதாவது ஆகியிருக்குமோ? மார்ட்டினைக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கிறார் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

காலையிலிருந்து இரண்டு முறை கில்வாரா போய்வந்துவிட்டேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மூலை வெறிச்சென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பிரைடி வீட்டுக்குப் போனேன். இதை எழுதிவிட்டால் கொஞ்சம் உட்கார முடியும் என்று நினைத்து எழுதுகிறேன். டைரி என்னுடையது, அதனால் அவரைத் தமிழிலேயே பேசவைக்கிறேன்.

கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். இங்கே யாரும் கோபத்தைக் காட்டுவதற்கு முன் டீ கொடுப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

1961இல் அவருக்கு ஒரு பெண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்க வழியில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தையைச் சபை ஆசீர்வதித்து மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். பேர் கிடையாது, பூசை கிடையாது, மணி கிடையாது. அவரைப் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவும் விடவில்லை. புருஷன் ஜான் குழந்தையை ஒரு பெட்டியில் வைத்து, விடிவதற்குள் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தார். எங்கே என்று சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் வைக்கோல் வண்டியில் கில்வாராவைக் கடந்து போகும்போது, "முள்மரத்துக்குப் பக்கத்துல, வெள்ளக் கல்லு" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அங்கே கிடந்த ஒவ்வொரு கல்லும் ஒரு குழந்தை. எத்தனை தலைமுறைக் குழந்தைகளோ, யாருக்குத் தெரியும்.

ஏன் மடத்தில் என்று கேட்டேன். எனக்குக் கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஒரு காலத்துல பூச நடந்த மண்ணு. வேணாம்னு தடுக்க அங்க ஒரு சாமியாரும் கெடையாது. அதான்."

நான் பதினைந்து நிமிஷம் வரலாறு பேசியிருக்கிறேன். துறவிகள் போன பிறகும் ஊர் ஏன் மடத்தை விடவில்லை என்று பெரிய விளக்கமெல்லாம் கொடுத்தேன். இந்த ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆடு தேடுகிற சாக்கில் அந்தக் கல்லைப் போய்ப் பார்ப்பாராம். நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நடந்துகொண்டேதான் பார்ப்பாராம். அக்டோபரில் மகன் அவரை டப்ளினுக்கு அழைத்துப் போகிறான். திரும்பி வர முடியாது. அதற்குள் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரே ஒரு ஜெபம் சொல்லச் சொல்லி என்னைக் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் வாசல்வரை வந்திருக்கிறார். ஏன் என்னிடம் என்றேன்.

"நீங்க வெளியூரு. உங்ககிட்ட சொன்னா ஊர்ல சொன்ன மாதிரி ஆகாதுன்னு நெனச்சேன்."

டீ ஆறிப்போயிருந்தது. மன்னியுங்கள் என்றேன். அவர் எழுந்து என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 30, புதன்

விடிந்ததும் கில்வாரா. ஜோபியின் ‘முன்’ போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காஞ்சொறிதான் தெரிகிறது. முன்வரிசை முழுக்க வெள்ளைக் கல். எது அவருடையது? ஒன்றை எடுத்து முள்மரத்தடியில் வைத்துவிட்டு, இதுதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. வைத்த கல்லைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

மார்ட்டினிடம், நீராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். விட்டுவிடுங்கள் என்று சொன்னேனே என்றார். அதற்கு மேல் சொல்ல இந்த ஊரில் வார்த்தை இல்லை போலிருக்கிறது.

ஆயர் இல்லத்துக்கும் போன் செய்தேன். நாசூக்காகக் கையாளுங்கள் என்றார் செயலாளர். குழந்தைகளுக்கு ஜெபிக்க இப்போது ஒரு தடையும் இல்லை, ஆனால் பழைய புண்ணைப் பொது இடத்தில் கிளற வேண்டாம், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றார்.

செப்டம்பர் 1, வெள்ளி

பேராலய டவுன் எனக்குத்தானாம். கடிதம் வந்துவிட்டது, அக்டோபர் முதல் வாரம் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு வருஷமாக எதிர்பார்த்தது. படித்துவிட்டு மேஜையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் வீட்டில் எல்லா அறைக்கும் போய்வந்தேன்.

செயலாளர் சொன்னபடி இருந்துவிட்டால், சத்தமில்லாமல் பெட்டியைக் கட்டிவிடலாம். கற்கள் படியாகவே இருக்கும். அடுத்த சாமியார் அதன்மேல் ஏறி நின்று பூசை வைப்பார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பிரசங்கத்தில் சொல்லிவிட்டேன். எழுதிவைத்துக்கொள்ளவில்லை.

வடக்கு மூலையில் இருந்த கற்கள் என்னவென்று தெரியாமல் நான்தான் எடுத்தேன், என்னோடு வந்து உழைத்தவர்களுக்கும் தெரியாது, ஆயரின் கண்ணுக்கு இடம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான் என்றேன். பிரைடியின் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளைச் சபை வெளியே நிறுத்தியது தவறு என்றேன். யாருக்காவது இடம் தெரிந்தால் படியிலிருந்து கல்லை எடுத்துத் திரும்ப வையுங்கள், என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், பதினேழாம் தேதி மத்தியானம் அங்கே அடக்கப் பூசை வைக்கப்போகிறேன் என்றேன்.

ஜோபியின் மனைவி மட்டும் அழுதாள். வாசலில் கையைக் குலுக்கினார்கள். மழையைப் பற்றி யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

போய்ப் பார்த்தேன். படி அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 6, புதன்

படியின் ஒரு ஓரம் சரிந்திருக்கிறது. மூலையில் கற்கள் தெரிகின்றன! ஒன்றுக்குப் பக்கத்தில் சின்ன ரப்பர் பொம்மை. யார் என்று தெரியவில்லை. தெரிய வேண்டாம்.

ஆயர் இல்லத்திலிருந்து போன் வந்தது. டவுன் மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று ஆயர் நினைக்கிறாராம். சரி என்றேன். நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை என்று எழுத ஆசை. வலித்தது.

செப்டம்பர் 9, சனி

மத்தியானம் நான் போனபோது மார்ட்டின் அங்கே இருந்தார். ஒரு தட்டைக் கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்துவந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"என் தம்பி" என்றார். "எனக்கு அப்ப அஞ்சு வயசு. அப்பா பெட்டியோட போறத ஜன்னல்ல பாத்தேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

சுவர் ஓரமாகக் கல்லை வைத்தார். சரியாக உட்காரவில்லை, இரண்டு முறை திருப்பி வைத்தார். பிறகு இருவரும் காஞ்சொறி துளிர்ப்பதைப் பற்றிப் பேசினோம். அதை இனி வெட்டப்போவதில்லை என்றேன். தலையாட்டினார்.

படியில் இன்னும் நிறைய மிச்சம். சொந்தக்காரர்கள் செத்துப்போன, ஊரைவிட்டுப்போன கற்கள். வெள்ளைக் கற்கள் அப்படியே இருக்கின்றன. பிரைடி வரவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

மிச்சக் கற்களை நானும் ஜோபியும் பிரேசில்காரர்களும் மூலைக்குத் திரும்பக் கொண்டுபோனோம். எது எங்கே என்று தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் விட்டு வைத்தோம். முடித்துவிட்டு பிரைடி வீட்டுக்குப் போய், உங்கள் கல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவே போவதில்லை என்று சொன்னேன். கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஊரே வந்திருந்தது. ஆண்டுப் பூசைக்கு வராதவர்கள்கூட. காலுக்கடியில் ஈரம், தூறல் வேறு. குடை பிடித்தவர்கள் குறைவு.

பலிபீடத்தை வடக்கு மூலைக்கு எதிரே போட்டிருந்தேன். அந்த மண்ணை மந்திரித்தேன், சாம்பிராணி போட்டேன். பெயர் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றேன். அவசரப்பட்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விடுவேனோ என்று பயந்து புத்தகத்தை மூடிவிட்டேன்.

பின்னாலிருந்து பிரைடியின் குரல் வந்தது. "மேரி கேதரின் மெலட்."

அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெயரே வைக்காதவர்கள் வீட்டுப் பெயரை மட்டும் சொன்னார்கள். மார்ட்டின், "ஹோபன், பையன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது வருஷம் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்துகொண்டு, ரெண்டு வீட்டுக் குழந்தையும் ஒரே மூலையில் கிடப்பது தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆசீர் முடிந்ததும் பிரைடி ஊன்றுகோலோடு முன்னால் வந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், விலக்கவில்லை. மூலைக்கு வந்ததும் நின்றார்.

"நான் அன்னைக்கு மண்ணு போடல ஃபாதர். என்னை விடல."

குனிய முடியவில்லை அவரால். நான் குனிந்து ஈரமண்ணை அள்ளி அவர் கையில் வைத்தேன். எங்கே போடுவது என்று என்னைப் பார்த்தார். என்னால் அவருக்கு ஒரு இடத்தைக் காட்ட முடியவில்லை. அதைத்தான் நான் எடுத்துவிட்டேனே. அந்த நிமிஷத்தில் எனக்கு உவரியும் வேண்டாம், டவுனும் வேண்டாம், அந்த ஒரு கல் மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

பிரைடி முதல் கல்லின் பக்கத்தில் கொஞ்சம் மண் போட்டார். பிறகு அடுத்ததற்கு. பிறகு அதற்கடுத்தது. கை காலியானபோதெல்லாம் நான் அள்ளிக் கொடுத்தேன். வெள்ளைக் கல், கறுப்புக் கல், மார்ட்டினின் தம்பி, சொந்தக்காரர் இல்லாதவை என்று ஒன்றையும் விடவில்லை. நெடுநேரம் ஆயிற்று. தூறல் மழையானது. ஒருவர்கூடக் காருக்குப் போகவில்லை.

கடைசிக் கல்லுக்கும் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றார். மண் அப்பிய கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இதுல எதோ ஒண்ணு அவளோடது" என்றார். "போட்டாச்சு."